சீக்கிரம் என்று சொன்னவர்கள்

எங்கே நிறுத்தினால் மேசையைத் தட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். சேவுகப்பெருமாள் என்று கேட்டால் சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் யாருக்கும் ஆள் தெரியாது. "தட்டு பெருமாள்" என்றால் கேன்டீன்காரர்கூட அறையைக் காட்டிவிடுவார். இதுவரை நான்கு உறுப்பினர்களுக்கு உதவியாளராக இருந்திருக்கிறேன், நால்வரும் பேரவையில் பேசிய புகழுரைகள் எல்லாம் என் கைவேலை. முதல்வரை எந்த மலையோடு ஒப்பிடலாம், எந்த நதியைத் தவிர்க்க வேண்டும் (போன மழையில் கரை உடைந்த நதியாக இருந்துவிடக் கூடாது), எந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. நிமிர வேண்டிய இடத்தில் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவேன். அந்த வட்டத்தில் நிறுத்தினால் ஆளும் கட்சி வரிசை முழுவதற்கும் கை தானாக மேசைக்குப் போகும். காதில் என்ன விழுந்தது என்பது முக்கியமில்லை. நான் மட்டும் எதற்கும் தட்டியதில்லை, எழுதுபவன் தட்டக் கூடாது.

அந்த வட்டம் ஒருநாள் சட்டமாகும் என்று நான் நினைக்கவில்லை. அது எப்படி ஆயிற்று என்று சொல்ல, முதலில் மேசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாக்கெடுப்புக்கென்று பொத்தான்கள் வைத்துப் பார்த்தார்கள். பச்சையா சிவப்பா என்று குழம்பி, ஒருமுறை அரசு கொண்டுவந்த தீர்மானம் அரசின் கையாலேயே தோற்றது. பிறகு ஒரு பொறியாளர் யோசனை சொன்னார்: இவர்கள் கை எப்படியும் மேசையைத் தட்டத்தான் போகிறது, அந்த மேசையையே எண்ணச் சொல்வோம். அப்படித்தான் கேட்கும் மேசைகள் வந்தன. "இந்த அவை ஏற்கிறது" என்ற வாசகத்துக்குப் பின் விழும் தட்டல்களை மேசைகளே எண்ணிக்கொள்ளும். பாதிப் பேருக்கு மேல் தட்டிவிட்டால் பேரவைத் தலைவரின் திரையில் "நிறைவேறியது" என்று வந்துவிடும். எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அடுத்தது பட்டை. உங்கள் மணிக்கட்டிலும் ஒன்று இருக்கும். ரேஷன், பேருந்து, வீட்டுக் கதவு எல்லாவற்றுக்கும் அதுதான், கழற்றினால் சொந்த வீட்டுக்குள்ளேயே போக முடியாது. மருத்துவர்கள் அதை இன்னொரு காரியத்துக்கும் வைத்திருந்தார்கள். வால்பாறையில் படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சில் நடப்பதைக் கோயம்புத்தூரில் இருக்கும் மருத்துவர் தன் நெஞ்சில் உணர்வார். படபடப்பு, மூச்சடைப்பு எல்லாம் அப்படியே வந்து சேரும். திரையில் எண்ணைப் பார்ப்பது வேறு, நெஞ்சில் வாங்கிக்கொள்வது வேறு என்பார்கள். இந்த வசதியை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுபோனால் என்ன என்று எங்களை யோசிக்க வைத்தவர் ரெஜினா.

எங்கள் உறுப்பினர் அங்கயற்கண்ணி. திருச்சிப் பக்கத்துத் தொகுதி, ஆளும் கட்சி. அரசியலுக்கு வருமுன் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். எடை குறைந்த பிஸ்கட் பாக்கெட்டுக்காக வருடக்கணக்கில் வாதாடியவர். இந்தம்மாவை வெளியே விட்டுவைத்தால் நம்மேலேயே வழக்குப் போடுவார் என்ற பயத்தில்தான் கட்சி சீட்டுக் கொடுத்தது என்பார்கள். ஜெயித்த பிறகும் புத்தி மாறவில்லை. பட்டா மாற்றம் கேட்டு வருபவரிடம், "அதெல்லாம் இருக்கட்டும், ஹெல்மெட் எங்கே?" என்று கேட்பார். பட்டா கேட்டவர் பாவம், என்னைப் பார்ப்பார்.

ரெஜினா ஒரு மத்தியான வேளையில் அலுவலகத்துக்கு வந்தார். 'மின்னல் கூடை' நிறுவனத்தின் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். பத்து நிமிடத்தில் சாமான் வாசலுக்கு வரும் என்பது அந்த நிறுவனத்தின் வாக்கு. அவருடைய கணவர் ஆரோக்கியராஜும் அதே சட்டை போட்டவர்தான். பால்பண்ணை ரவுண்டானாவில் லாரிக்கு அடியில் போனபோது அவர் பெட்டியில் இருந்தது ஒரு கட்டு கொத்தமல்லி. அவர் எங்கள் தொழிலாளி அல்ல, கூட்டாளி என்றது நிறுவனம். வேகமாகப் போகச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. அவராகவே விரும்பி வேகமாகப் போயிருக்கிறார் என்றும் அனுதாபத்தோடு சொல்லிவிட்டது. வேறு வேலை கிடைக்காமல் ரெஜினா அந்த வண்டியையே எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மனு எங்கம்மா?" என்று கேட்டேன். உதவியாளன் வாயில் வேறென்ன வரும்.

"மனுவெல்லாம் எழுதலீங்க. ஒரு கேள்வி கேக்கணும், அவ்ளோதான்." மேடத்தின் பக்கம் திரும்பினார். "அக்கா, பிஸ்கட் பாக்கெட்ல உள்ள என்னென்ன இருக்குன்னு வெளிய போட்டிருக்கணும்னு நீங்கதான கேஸ் போட்டீங்க?"

"ஆமா."

"அந்தக் கொத்தமல்லில எங்க வீட்டுக்காரரு பயமும் இருந்துச்சுக்கா. அத எங்க போட்டிருந்தாங்க?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"தெனம் பயந்துக்கிட்டேதான் ஓட்டுனாரு. நானும் அப்படித்தான் ஓட்டுறேன். வாங்குறவங்க கெட்டவங்க இல்லக்கா. போன்ல ஒரு வண்டிப் பொம்ம நகர்றதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. பொம்மைக்கு நெஞ்சு அடிக்குமா?"

அவர் போன பிறகு மேடம் தன் மணிக்கட்டில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை மசோதா தயாராகிவிட்டது. ஒரு வாக்கியம்தான். ஒருவர் இன்னொருவரை விரைவாக வாகனம் ஓட்டச் சொன்னால், ஓட்டுபவரின் நெஞ்சில் நடப்பதெல்லாம், போய்ச் சேரும்வரை, சொன்னவரின் நெஞ்சுக்குப் பட்டை வழியாகச் சேர வேண்டும்.

"மேடம், இதுல கம்பெனின்னு இல்ல, வாடிக்கையாளர்னு இல்ல, தொழிலாளின்னும் இல்லையே?"

"தொழிலாளின்னு போட்டா கூட்டாளிம்பான். கூட்டாளின்னு போட்டா அதுக்கும் ஒரு பேரு வச்சிருப்பான். அதான் ஒருவர், இன்னொருவர். இனிமே எங்க ஓடுவான், பாப்போம்."

நானும் பலே என்றேன். அந்த 'ஒருவர்' யாராகவெல்லாம் இருக்கலாம் என்று அன்றைக்கு நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நுகர்வோர் வழக்கறிஞருக்கு எதிரில் எப்போதும் ஒரு நிறுவனம்தான் தெரியும்.

உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் மசோதா என்பது பேரவையில் ஒரு மரியாதை, அவ்வளவுதான். அவர் எழுந்து வாசிப்பார். உறுப்பினரின் அக்கறையை அரசு பரிசீலிக்கும் என்று அமைச்சர் சொல்வார். உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டு உட்கார்வார். அதை, நாங்கள் காரில் போய்க்கொண்டிருந்தபோது, அரசுக் கொறடா தணிகாசலம் போனில் நினைவூட்டினார். கட்சி உறுப்பினர் யார் எப்போது தட்ட வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

"வாசிச்சுட்டு வாபஸ் வாங்கிடும்மா. கூடை கம்பெனிக்காரங்க நம்ம மாநாட்டுக்கே தண்ணி பாட்டில் குடுத்தவங்க."

"சரிங்கண்ணே" என்றார் மேடம்.

போனை வைத்தார். டிரைவர் பிச்சைமுத்து ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு மேடம் என் பக்கம் குனிந்தார்.

"பெருமாள் சார், உங்க வட்டம் எவ்வளவு பாரம் தாங்கும்?"

இருபது வருடத் தொழிலில் என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்றைக்கு எதிர்க்கட்சி வேறு ஏதோ காரணத்துக்காக வழக்கம்போல் வெளிநடப்பு செய்திருந்தது. மேடம் எழுந்தார். நம் முதல்வரின் இதயம் மக்களுக்காகவே துடிக்கிறது என்றார். தட்டினார்கள். வெயிலில் ஓடுபவரின் துடிப்பைத் தன் துடிப்பாக உணர்பவர் அவர் என்றார். தட்டினார்கள். அவர் உணர்வதை ஒவ்வொரு வீடும் உணர வேண்டும் என்பதே அவர் கனவு என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்தக் கனவை நனவாக்கும் இம்மசோதாவை இந்த அவை ஏற்கிறது என்று சொல்லி, வட்டத்தில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார்.

அவை அதிர்ந்தது. தணிகாசலமும் தட்டினார். கை மேசையில் இருக்கும்போதே அவர் முகம் மாறியதைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தேன். அது என் வாழ்நாள் காட்சி. முதல்வரைப் பாராட்டி எல்லோரும் தட்டியதைத் தவறுதலாகத் தட்டினோம் என்று எந்த வாயால் சொல்வது? பேரவைத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: சட்டம் சோதனை முறையில் உடனே அமலுக்கு வரட்டும், இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் அவை ரத்து செய்யாவிட்டால் அது நிலையான சட்டம். அப்படியே ஆயிற்று.

பத்து நிமிடத்தில் வேண்டும் என்று ஆர்டர் போட்டாலே சீக்கிரம் என்று சொன்னதாகக் கணக்கு. முதல் சில நாட்கள் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். தில்லைநகரில் ஒருவர் இட்லி மாவு கேட்டுவிட்டு, மாரடைப்பு என்று நினைத்து மருத்துவமனையில் போய்ப் படுத்துக்கொண்டார். மாவு வந்து சேர்ந்ததும் குணமாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு அம்மாள் கறிவேப்பிலைக்காகக் காத்திருந்தபோது நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட, மாடியிலிருந்து ஓடிவந்து, வந்தவரின் கையில் மோர்ச் சொம்பைத் திணித்து, "உக்காருப்பா, இனிமே நான் சாயங்காலத்துக்கே சொல்லிடறேன்" என்றாராம். கல்லூரிப் பையன்கள் சிலர் ராட்டினத்தில் ஏறுவதுபோல் வேண்டுமென்றே ஆர்டர் போட்டு, ஹோ என்று கத்தி மகிழ்ந்தார்கள். அப்படியும் ஆட்கள் இருப்பார்கள் என்று மேடம் எதிர்பார்க்கவில்லை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மற்றபடி ஊரில் பாதிப் பேர் 'மெதுவாக வரவும்' என்று எழுத ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம் அரை மணி நேரமானது, யாருக்கும் குடி முழுகவில்லை.

ரெஜினா மறுபடி வந்தார். இந்த முறை கோபமாக இருந்தார்.

"அக்கா, பால்பண்ணைகிட்ட வர்றப்ப எனக்கு அழுகை வரும். வண்டிய நிறுத்த முடியாது, அழுதுக்கிட்டே ஓட்டிருவேன். நேத்து ஒரு வீட்டுல கதவத் தொறந்த அம்மா, 'ரவுண்டானாகிட்ட என்னாச்சு உனக்கு'ன்னு கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரரு சாவையும் பொட்டலம் கட்டி அனுப்பிட்டீங்களேக்கா."

பயத்தை மட்டும் பிரித்து அனுப்பப் பட்டைக்குத் தெரியாது. நெஞ்சில் இருப்பது எதுவோ அது போகும்.

"எடுத்துரலாமா, ரெஜினா?" என்றார் மேடம். "கொறடா ரத்து பண்ணணும்னுதான் நிக்கிறாரு. நான் பேசாம இருந்தாலே போதும்."

ரெஜினா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எடுக்காதீங்க. அவரு போனதுக்கப்புறம் அந்த எடத்தப் பத்தி என்னைக் கேட்ட மொத ஆளு அந்தம்மாதான். எடுத்தா மறுபடி பத்து நிமிஷம் வந்துரும். எனக்கும் ஒரு லாரி எங்கயாவது வந்துக்கிட்டிருக்கும்."

நான் அன்று சிரிப்பதை நிறுத்தினேன்.

அதற்குள் 'ஒருவர்' என்ற சொல் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. வண்டிக்குள் யார் "சீக்கிரம்" என்று சொன்னாலும் வண்டி அதைக் கேட்டு அவர் பட்டையை ஓட்டுபவரோடு இணைத்துவிடும். பெருநகரத்துப் பணக்காரர்களிடம் தானாக ஓடும் வண்டிகள் இருந்தன. ஆனால் அரசியல்வாதிக்குக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டாமா, அதனால் அமைச்சர்கள், உறுப்பினர்கள் எல்லோருக்கும் டிரைவர்தான். ஒரு அமைச்சர் திறப்பு விழாவுக்குப் போகும் வழியில் "சீக்கிரம்பா" என்றார். செங்கல்பட்டு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஓரங்கட்டச் சொல்லி, இளநீர் குடித்தார். பிறகு சொல்லை மாற்றிப் பார்த்தார்கள். "நேரமாச்சு" என்றார்கள், இருமினார்கள், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். வண்டி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. கடைசியில் சில அமைச்சர்கள் வண்டியில் ஏறினால் மூச்சே விடுவதில்லை என்று கேள்வி.

ரத்து செய்வது என்று தணிகாசலம் முடிவெடுத்தார். கூட்டத்தொடரின் கடைசி நாள், திங்கட்கிழமை, ராகு காலம் கழிந்ததும் வாக்கெடுப்பு, நண்பகலில் தொடர் முடிப்பு. நேரம் காலம் எல்லாம் பார்த்துத்தான் வைத்தார். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. முந்தின நாள் பங்குனியின் கடைசிப் பெரிய முகூர்த்தம். உறுப்பினர் ஒருவர் முகூர்த்த நாளில் தொகுதியில் இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் அவருக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே தணிகாசலம் உட்பட அத்தனை பேரும் ஊரில் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். விடிந்ததும் காரில் பறந்து வந்துவிடலாம் என்பது எப்போதும் உள்ள ஏற்பாடுதான்.

நாங்களும் அப்படித்தான். கல்யாணங்கள், ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா. எல்லாம் முடித்து விடியற்காலையில் திருச்சியிலிருந்து கிளம்பினோம். ரத்துக்கு எதிராகப் பேசப் போகும் ஒரே ஆள் மேடம்தான். அவர் போய் எழுந்து நின்றால், என் வட்டங்களை வைத்து இன்னொரு முறை வித்தை காட்டிவிடலாம் என்று கனவு. போகாவிட்டால் சட்டம் அவ்வளவுதான்.

"கொஞ்சம் சீக்கிரம் போகணும்ணே" என்றார் மேடம், ஏறியதும். பட்டை இணைந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பெருமாள் சார், எவ்வளவு நிதானமா இருக்கு தெரியுமா? துளி பயமில்ல. எல்லாரும் பிச்சைமுத்து அண்ணன் மாதிரி ஓட்டுனா நாட்டுக்குச் சட்டமே வேணாம்."

பிச்சைமுத்து கண்ணாடியில் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் முன்சீட்டில் மடியில் தாளை வைத்துக்கொண்டு வட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். பெரம்பலூர் போனது, உளுந்தூர்பேட்டை போனது, வெயில் ஏறியது. விழுப்புரம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் நிதானமாயிடுச்சு சார். தாலாட்டு மாதிரி இருக்கு." அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

திண்டிவனம் பக்கத்தில் கோடைக்காலத்தில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் தர்பூசணிக் குவியல்கள் இருக்கும். அதில் ஒன்றுக்குள் நாங்கள் போனோம். பெரிய சத்தம்கூட இல்லை. கார் மெல்ல இடது பக்கம் சாய்ந்து, சாலையை விட்டு இறங்கி, பழங்களின் மேல் ஏறி, ஆள் உயரக் குவியலின் நடுவில் சொகுசாக நின்றது. பக்கக் கண்ணாடி உடைந்து உள்ளே சிவப்பு மழை பெய்தது. என் பேச்சு முழுக்கச் சாறு. ஒரு வட்டமும் தப்பவில்லை.

கடைக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்யா, ரோடு அவ்ளோ அகலம் போட்டு வச்சிருக்கான். என் பழத்து மேலதான் வரணுமா? பழம் இல்லாங்காட்டி அந்தாண்ட கெணறு, தெரியுமில்ல?"

குவியலுக்குப் பின்னால் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

பிச்சைமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். மேடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் இப்போதுதான் அங்கே வேகமாக அடிக்க ஆரம்பித்திருந்தது.

"தூங்கிட்டேம்மா" என்றார் பிச்சைமுத்து.

"நேத்து எப்பண்ணே படுத்தீங்க?"

"படுக்கலம்மா. உங்கள வீட்டுல எறக்கிவிட்டுட்டு, கல்யாண வீட்டுச் சந்தனமா இருந்துச்சுன்னு வண்டியக் கழுவினேன். அதுக்குள்ள கெளம்பணும்னு பெருமாள் சாரு போன் போட்டுட்டாரு."

"அதுக்கு முந்தின நாளு?"

"அன்னிக்கும் கல்யாணந்தாம்மா."

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இத்தனை நாளும் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நெஞ்சத் துடிப்பைப் பற்றி உருக உருக எழுதியவன் நான்.

மேடம் சேலையில் ஒட்டிய விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். "பயப்படுறவங்களுக்குத்தான் சட்டம் போட்டேன். அசந்து போனவங்களுக்குப் போடல. நிதானம் நிதானம்னு சொல்லிக்கிட்டு நான் பாட்டுக்குத் தூங்கிட்டு வந்திருக்கேன்." கொஞ்சம் கழித்து, "தூக்கம் வருதான்னு உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்ணே" என்றார்.

"கேட்டிருந்தாலும் இல்லன்னுதாம்மா சொல்லிருப்பேன்."

"ஏன்?"

"மேல இருக்கறவங்ககிட்ட யாரும்மா முடியலன்னு சொல்றாங்க? கொறடா ஐயா வாபஸ் வாங்குன்னப்ப, முடியாதுன்னா சொன்னீங்க? சரிங்கண்ணேன்னுதான சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டுதான ஓட்டுனேன்."

கடைக்கார அம்மா நல்ல பழம் ஒன்றை எடுத்துக் கீறி எங்கள் மூவருக்கும் கொடுத்தார். சாப்பிட்டோம். உடைந்ததற்கெல்லாம் மேடம் அங்கேயே கணக்குத் தீர்த்தார். பிறகு பிச்சைமுத்துவைப் பின்சீட்டில் படுக்கச் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். மேடம் நுகர்வோர் நீதிமன்றக் குரலில் இன்னொரு முறை சொன்னதும் படுத்துக்கொண்டார். வண்டியை மேடமே எடுத்தார். உரிமம் இருந்தது, ஓட்டிப் பல வருடம் ஆகியிருந்தது.

மணியைப் பார்த்தேன். வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம்."

என் பட்டை இணைந்தது.

இருபது வருடமாக உறுப்பினர்களுக்குப் பேச்சு எழுதுகிறேன். அதை எழுந்து நின்று வாசிப்பவரின் நெஞ்சு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் நெஞ்சு படபடவென்று அடித்தது. லாரிகளைக் கண்டு பயம், கிணற்றை நினைத்து நடுக்கம், அதற்கும் கீழே வெகு நாளாகக் கட்டி வைத்திருந்த ஏதோ ஒன்று: கட்சி என்ன செய்யும், சீட்டு போய்விடுமா, ரெஜினாவின் முகத்தில் எப்படி விழிப்பது. பேரவையில் நிமிர்ந்து பார்த்த அன்றைக்கும் இப்படித்தான் அடித்திருக்கும். நான் மாடத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

"மெதுவாவே போங்க மேடம்" என்றேன். "நடக்கறது நடக்கட்டும்."

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. சிவப்பான சேலையைப் பார்த்துக் காவலர் பதறினார், தர்பூசணி என்று சொன்னதும் ஏமாற்றமாகப் பார்த்தார். பேரவை வாசலில் ஒரு கார்கூட இல்லை. உள்ளே பேரவைத் தலைவர் மட்டும் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் முந்தின நாளே ரயிலில் வந்து, சரியான நேரத்துக்கு அவைக்குள் நுழைந்து, விலைவாசி உயர்வைக் கண்டித்து வெளிநடப்பு செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆளும் கட்சியில் ரத்துக்காகத் தட்ட ஒரு கை இல்லை. நண்பகலுக்கே மணி அடித்து, தொடர் முடிந்து, சட்டம் நின்றுவிட்டிருந்தது. எந்த வட்டமும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் கார்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின, கோயில் தேர்போல ஊர்ந்து. எல்லோரும் விடியற்காலையில் ஏறியதும் "சீக்கிரம்" என்று சொன்னவர்கள். எல்லோரும் வழியில் "மெதுவா போப்பா" என்றும் சொன்னவர்கள். தணிகாசலம் இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் தன் டிரைவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேடத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, ரோட்டப் பாத்துப் பயப்படுறான்னு நெனச்சேன். எம்பது, அறுபது, நாப்பதுன்னு கொறைக்கச் சொல்லிப் பாத்தேன். அடங்கல. டீக்கடையில நிறுத்தி நான் எறங்கினேன், ஒடனே அடங்கிடுச்சு. மறுபடி ஏறினேன், ஆரம்பிச்சிடுச்சு." கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் என்னையப் பாத்துதாம்மா பயப்படுறான். பதினஞ்சு வருஷமா எங்கிட்ட இருக்கான்."

மேடம் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

அங்கிருந்தே ரெஜினாவுக்குப் போன் போட்டார். சட்டம் தப்பித்தது என்றார். எதிர்முனையில் வண்டிச் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது.

"நல்லதுக்கா. ஓரமா நிறுத்திட்டுதான் பேசுறேன். பால்பண்ணைகிட்ட இருக்கேன்" என்றார் ரெஜினா. "கொத்தமல்லிதான். மெதுவா வந்தாப் போதும்னு போட்டிருக்காங்க."

அன்றும் மறுநாள் பாதியும் சென்னையில் ஓய்வெடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்குக் கிளம்பினோம். பிச்சைமுத்து ஓட்டினார். டிரைவர்களின் தூக்கத்துக்காக மேடம் ஒரு திருத்தம் எழுதச் சொல்லியிருந்தார், நான் மடியில் வைத்து யோசித்துக்கொண்டு வந்தேன். யாரும் "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. ஆகையால் யார் பட்டையிலும் எதுவும் இல்லை. மதுராந்தகம் தாண்டியதும் மேடம் முன்னால் குனிந்தார்.

"தூக்கம் வருதாண்ணே?"

"இல்லம்மா" என்றார் பிச்சைமுத்து.

மேடம் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டி போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கரை வந்தது, ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார்.

"வருதும்மா" என்றார். "சாப்பிட்டதுலேருந்தே வருது. ஒரு அர மணி நேரம்."

"சரிண்ணே."

வண்டி ஓரமாகப் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றது. என்னையறியாமல் என் கை டேஷ்போர்டைத் தட்டியது.